ஹெட் ஸ்டட்: பழையதை வாங்குவதும் சரியாக இறுக்குவதும்

ஹெட் ஸ்டட் என்பது இரு முனையிலும் மரை கொண்ட எஃகுத் தண்டு. அதன் கீழ்முனை எஞ்சின் பிளாக்கில் திருகி நிற்கும். மேல்முனை சிலிண்டர் ஹெட்டின் துளை வழியாக வெளியே வந்து ஒரு வாஷரையும் நட்டையும் ஏற்கும். நட்டை இறுக்க இறுக்கத் தண்டு மிகச் சிறிதளவு நீளும். நீண்ட தண்டு பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இழுப்புதான் ஹெட்டையும் பிளாக்கையும் நடுவிலுள்ள கேஸ்கட்டையும் ஒன்றாக நெரித்துப் பிடிக்கிறது. பார்வைக்குக் கம்பி போலத் தெரிந்தாலும் ஸ்டட் செய்வது ஸ்பிரிங்கின் வேலை. பழைய ஸ்டட் வாங்குகிறவர் அந்த ஸ்பிரிங் குணம் இன்னும் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இறுக்குகிறவர் அதைச் சரியான அளவுக்கு இழுத்து வைக்க வேண்டும்.

எவ்வளவு இழுத்து வைக்க வேண்டும் என்பது சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தைப் பொறுத்தது. பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி செய்யும் வேலையை டீசலில் காற்றின் சூடு செய்கிறது. காற்றை அந்தச் சூடு வரும் வரை நெருக்க வேண்டியிருப்பதால் டீசல் எஞ்சினின் உள்ளழுத்தம் இயல்பிலேயே அதிகம். டர்போ சேர்ந்தால் இன்னும் அதிகம். 95 மி.மீ. விட்டமுள்ள ஒரு சிலிண்டரில் அழுத்தம் 150 பார் அளவைத் தொடுவதாகக் கொண்டால், ஹெட்டை மேல்நோக்கித் தள்ளும் விசை ஏறத்தாழ 10.8 டன். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு 1500 முறை இந்த உதை விழுகிறது. ஸ்டட்களின் கூட்டுப்பிடி இந்த உதையைவிடப் போதிய அளவு கூடுதலாக இருக்கும் வரை ஹெட் அசையாது. பிடி குறைந்த இடத்தில் ஹெட் மயிரிழை அளவு எழும்பும். கேஸ்கட் தன் இருக்கையை இழக்கும். எரிந்த வாயு கூலன்ட் வழிக்குள் புகும்.

இதற்கு உலகறிந்த உதாரணம் அமெரிக்காவின் 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக். நேவிஸ்டார் நிறுவனம் தயாரித்து, ஃபோர்டின் பெரிய பிக்கப் வண்டிகளில் 2003 மாடல் ஆண்டிலிருந்து 2007 வரை வந்த வி-8 டீசல் எஞ்சின் இது. நேவிஸ்டார் தன் சொந்த லாரிகளில் இதையே விடி365 என்ற பெயரில் பொருத்தியது. இதற்கு முன் இருந்த 7.3 லிட்டர் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரையும் சுற்றி ஆறு ஹெட் போல்ட்கள் இருந்தன. 6.0-இல் அது நான்காகக் குறைந்தது. ஒரு ஹெட்டுக்குப் பத்து, இரண்டுக்கும் சேர்த்து இருபது. நடுவில் உள்ளவை பக்கத்துச் சிலிண்டரோடு பங்குபோடப்பட்டவை. போல்ட் ஒவ்வொன்றும் 14 மி.மீ. தடிமன்.

ஆலையிலிருந்து வந்தபடி ஓடும் எஞ்சினுக்கு இந்த நான்கு போதும். சிக்கல் வேறிடத்தில் தொடங்கியது. இந்த எஞ்சினின் ஆயில் கூலர் நாளடைவில் கசடு சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அதன் வழியாகக் கூலன்ட் பெறும் ஈஜிஆர் கூலர், அதாவது புகையைக் குளிர்வித்து மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் பாகம், குளிர்ச்சி கிடைக்காமல் விரிசல் விடும். கூலன்ட் சிலிண்டருக்குள் போய் நீராவியாகும்போது அழுத்தம் கணக்கை மீறும், போல்ட்கள் நீளும், கேஸ்கட் போகும். சக்தியைக் கூட்ட எஞ்சின் கணினியின் அமைப்பை மாற்றியவர்களுக்கு இந்த முடிவு இன்னும் சீக்கிரம் வந்தது. கூலன்ட் தொட்டியின் மூடியைச் சுற்றி வெள்ளைப் படிவு தெரிந்தால் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும் என்பது அந்த வண்டிக்காரர்களுக்குப் பாடமாகிப்போனது. போல்ட்டை எடுத்துவிட்டு ஸ்டட் போடும் வழக்கம் இந்த எஞ்சினில் பரவலாகியது. கூலர்களைச் சரிசெய்யாமல் ஸ்டட் மட்டும் போடுவது பாதி வைத்தியம் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

ஆலை பொருத்தும் போல்ட் பெரும்பாலும் நீட்சி போல்ட் வகை. அதை ஒரு குறிப்பிட்ட முறுக்குவரை இறுக்கி, பிறகு 90 பாகை, மீண்டும் 90 பாகை என்று கோணக் கணக்கில் திருப்புவார்கள். அப்போது அதன் எஃகு மீள்தன்மை எல்லையைத் தொட்டு, சற்றே தாண்டி, நிரந்தரமாக நீண்டுவிடும். அந்த நிலையில் போல்ட்களின் பிடி ஒன்றுக்கொன்று மிகச் சீராக அமையும் என்பதால் ஆலைக்கு இது சிறந்த முறை. கழற்றியபின் அந்த போல்ட்டின் ஆயுள் முடிந்தது என்பதே பொது விதி. விதிவிலக்கும் உண்டு: கம்மின்ஸ் பி வரிசை எஞ்சின்களில், கழற்றிய ஹெட் போல்ட்டின் நீளத்தை அளந்து, எல்லைக்குள் இருந்தால் மீண்டும் போடத் தயாரிப்பாளரே அனுமதிக்கிறார். அப்படி எழுத்தில் அனுமதி இல்லாத பழைய நீட்சி போல்ட்டை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.

ஸ்டட் மீள்தன்மை எல்லைக்கு உள்ளேயே வேலை செய்யும்படி வடிவமைக்கப்பட்டது. தளர்த்தினால் பழைய நீளத்துக்கே திரும்பும். ஆகையால் ஸ்டட்டை மீண்டும் பயன்படுத்தலாம். பழைய ஸ்டட்டுக்குச் சந்தையில் மதிப்பு இருப்பதற்கும் இதுவே காரணம். இன்னொரு நன்மை, உராய்வு நடக்கும் இடம். போல்ட்டைத் திருகும்போது அதன் மரை பிளாக்கின் ஆழத்தில், வார்ப்பிரும்போடு அழுத்தத்தில் உரசிக்கொண்டே இறங்குகிறது. அங்கே அழுக்கா எண்ணெயா என்று யாருக்கும் தெரியாது. ஸ்டட்டோ பிளாக்கில் கையால் திருகி நிற்கிறது. அழுத்தத்தோடு சுழல்வது மேலே உள்ள நட் மட்டும். உரசும் பரப்பு முழுவதும் கண்ணெதிரே, துடைத்துச் சுத்தமாக்கி எண்ணெயிடத் தோதாக இருக்கிறது.

ஸ்டட்டின் எஃகு சாதாரண எஃகு அல்ல. கடைகளில் கிடைக்கும் உயர்தர 12.9 வகை போல்ட்டின் இழுவலிமை ஏறத்தாழ 1200 மெகாபாஸ்கல். 1968-இல் கலிஃபோர்னியாவில் கேரி ஹோல்ஸாப்ஃபெல் தொடங்கிய ஏ.ஆர்.பி. நிறுவனம் டீசல் ஸ்டட்களுக்குப் பயன்படுத்தும் ‘ஏ.ஆர்.பி. 2000’ உலோகக் கலவை சதுர அங்குலத்துக்கு 2,20,000 பவுண்டு, அதாவது 1500 மெகாபாஸ்கல் அளவு தாங்கும். ‘கஸ்டம் ஏஜ் 625 பிளஸ்’ எனும் விலை கூடிய கலவை 2,60,000 பவுண்டைத் தொடும். இவ்வளவு கடினமான எஃகுகளில் பலவற்றுக்கு ஒரு பலவீனமும் உண்டு: துருவும் அமிலமும் அவற்றுக்கு ஆகாது. மேற்பரப்பில் நடக்கும் வேதிவினையில் பிறக்கும் ஹைட்ரஜன் எஃகுக்குள் ஊடுருவி, வெளியே ஒன்றும் தெரியாமலேயே அதை நொறுங்கும் நிலைக்குக் கொண்டுவரும். எல்-19 என்ற கலவைக்கு ஈரம் பட்டாலே ஆபத்து. பழைய ஸ்டட்டைப் பார்க்கும்போது இந்தப் பலவீனத்தை மனத்தில் முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும்.

பழைய ஸ்டட்கள் பல வழிகளில் சந்தைக்கு வருகின்றன. விபத்தில் சிக்கிய வண்டியிலிருந்து கழற்றியவை உண்டு. எஞ்சினையே மாற்றியவர் விற்பவை உண்டு. வேலையைத் தொடங்கி நடுவில் கைவிட்டவரின், உறையே பிரிக்காத தொகுப்பும் சில சமயம் கிடைக்கும். அதைப் பழையது என்றே சொல்ல வேண்டியதில்லை. புதிய தொகுப்பு பல நூறு டாலர் என்பதால் சேமிப்பு கணிசமாகத் தெரியும். ஆனால் 6.0-இல் ஹெட்டை எடுப்பதற்கு வண்டியின் கேபினையே தூக்கி நிறுத்திவிட்டு வேலை பார்க்கும் பட்டறைகள் பல. கூலியும் உதிரிபாகமுமாகச் செலவு ஆயிரக்கணக்கான டாலரில் போகும். ஒரு ஸ்டட் ஏமாற்றினால் அத்தனையும் இன்னொரு முறை செய்ய வேண்டும். பழையதன் விலை புதியதில் பாதிக்கு மேல் போனால் புதியதை வாங்குவதே புத்திசாலித்தனம்.

வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது அந்தத் தொகுப்பின் வரலாறு. எந்த எஞ்சினில் இருந்தது, ஏன் கழற்றினார்கள், எந்த எண்ணெய் அல்லது பசை தடவி எத்தனை அடி-பவுண்டுக்கு இறுக்கினார்கள், எத்தனை முறை கழற்றி மாட்டினார்கள், அந்த எஞ்சின் எப்போதாவது கொதித்ததா? இந்தக் கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொல்கிறவரிடம் வாங்கலாம். ‘நன்றாக இறுக்கி வைத்திருந்தேன், எண் நினைவில்லை’ என்பது பதில் அல்ல. இம்பாக்ட் துப்பாக்கியால் இறுக்கியதோ கழற்றியதோ தெரியவந்தால் அந்தத் தொகுப்பை விட்டுவிடலாம்.

அடுத்தது பொருத்தம். ஸ்டட்டின் விட்டம், மொத்த நீளம், கீழ்மரையின் நீளம், இரு முனைகளின் மரை இடைவெளி, எல்லாம் அந்த எஞ்சினுக்கு உரியவையாக இருக்க வேண்டும். 6.0-இன் ஸ்டட் 14 மி.மீ.; அடுத்து வந்த 6.4 லிட்டர் பவர் ஸ்ட்ரோக்கில் அது 16 மி.மீ. ஒரே தடிமன் என்பதற்காக வேறு எஞ்சினின் ஸ்டட்டைப் போட முடியாது. பிளாக்குக்குள் இறங்கும் மரையின் நீளம் குறைந்தால் வார்ப்பிரும்பின் மரை பெயர்ந்து வந்துவிடும். தயாரிப்பாளரின் பாக எண், முனையிலும் நட்டிலும் உள்ள முத்திரை ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். முத்திரையே இல்லாத தண்டின் எஃகு எதுவென்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

நட்டும் வாஷரும் ஸ்டட்டைப் போலவே முக்கியம். இந்த வாஷர்கள் கடினமாக்கப்பட்டு, இரு முகமும் இணையாகச் சாணை பிடிக்கப்பட்டவை. கடையில் வாங்கும் மெல்லிய வாஷர் அந்தப் பளுவில் பள்ளமாகிவிடும். பள்ளம் விழ விழப் பிடி குறையும். வாஷரின் மேல் முகத்தில் நட் சுழன்ற வட்டத் தடம் மங்கலாக இருக்கலாம், நகத்தால் தடவினால் பள்ளம் தட்டக் கூடாது. ஆகவே நட், வாஷரோடு முழுத் தொகுப்பாக உள்ளதை மட்டுமே வாங்க வேண்டும். வெவ்வேறு தொகுப்புகளில் இருந்து பொறுக்கிச் சேர்த்த இருபது ஸ்டட்கள் இருபது விதமாக இழுக்கும்.

இனி தண்டின் சோதனை. தின்னரில் கழுவித் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நட்டை விரலால் திருகினால் மரையின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே சீராக ஓட வேண்டும். பாதியில் பிடித்தால் இரண்டில் ஒன்று: மரையில் காயம், அல்லது தண்டு நிரந்தரமாக நீண்டு மரை இடைவெளி மாறிப்போயிருக்கிறது. இங்கே பலர் செய்யும் தவறு, டை போட்டு மரையைச் சீராக்குவது. உயர்தர ஸ்டட்டின் மரை வெட்டி எடுத்ததல்ல, அழுத்தி உருட்டி உருவாக்கியது. அதன் அடிப்பள்ளத்தில் இறுகிய எஃகுத் தோல்தான் விரிசலைத் தடுக்கிறது. டை அந்தத் தோலைச் சீவிவிடும். நட் ஓடாத ஸ்டட் கழிவுக்குப் போக வேண்டியது.

ஒரே நீள வகையைச் சேர்ந்தவற்றைச் சமதளக் கண்ணாடியின் மேல் நிறுத்தி உயரம் ஒப்பிட்டால், எல்லை தாண்டி நீண்டது தனித்துத் தெரியும். வெர்னியரால் அளந்து எழுதிவைத்துக்கொள்வது இன்னும் நல்லது. எல்லாமே ஒரே அளவு நீண்டிருந்தால் இந்த ஒப்பீடு காட்டிக்கொடுக்காது; அதற்கு மைக்ரோமீட்டரால் தண்டின் விட்டத்தை மேல், நடு, கீழ் என்று பல இடங்களில் அளக்க வேண்டும். அளவுக்கு மீறி இழுபட்ட எஃகு ஓரிடத்தில் இடுப்பு ஒடுங்கும். கண்ணாடியின் மேல் உருட்டினால் வளைவு தெரியும். ஊசிக்குத்துப் போன்ற துருக்குழி, வெப்பத்தால் நீலம் பாய்ந்த நிறம், குறடு பிடித்த தடம், இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தத் தண்டு வேண்டாம். துருவைப் போக்க அமிலத்தில் ஊறவைத்தவற்றையும், புதிதாகப் பளபளக்க முலாம் பூசியவற்றையும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். மேலே சொன்ன ஹைட்ரஜன் உள்ளே புக இவ்விரண்டுமே வழி திறப்பவை. பழைய பொருள் பழையதாகத் தெரிவதே இங்கே நல்ல அடையாளம்.

விரிசல் தொடங்கும் இடம் பெரும்பாலும் நட் பிடிக்கும் முதல் மரை. மொத்தப் பளுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அந்த ஒரு சுற்றே சுமக்கிறது. வெறுங்கண்ணுக்கு அந்த விரிசல் தெரியாது. எஞ்சின் மறுசீரமைப்புப் பட்டறைகளில் கிராங்க் ஷாஃப்டைச் சோதிக்கும் காந்தத்தூள் சோதனையில் ஸ்டட்களையும் சோதிக்கலாம்: காந்தமாக்கி ஒளிரும் இரும்புத்தூளைத் தெளித்தால், விரிசல் உள்ள இடத்தில் தூள் கோடாகச் சேரும். சோதனை முடிந்ததும் காந்தத்தை நீக்கி எண்ணெய் தடவி வைக்க வேண்டும். அதிக சக்திக்கு மாற்றிய எஞ்சினில் பழைய ஸ்டட் போடுவதாக இருந்தால் இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டிப் பாகம் தேடுகிறவருக்கும் இவை அனைத்தும் பொருந்தும். அங்கே கையில் கிடைப்பது ஸ்டட்டா, ஒருமுறை நீண்டு முடிந்த ஆலை போல்ட்டா என்பதை மட்டும் எஞ்சினின் கையேட்டைப் பார்த்து முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

இறுக்கும் வேலையில் பெரும்பாலான பிழைகள் ஒரு தவறான நம்பிக்கையில் பிறக்கின்றன. டார்க் ரென்ச் பிடியை அளக்கிறது என்பதே அந்த நம்பிக்கை. அது அளப்பது நட்டைத் திருப்பத் தேவைப்படும் முறுக்கை மட்டும். அந்த முறுக்கில் ஏறத்தாழப் பாதி நட்டின் அடிமுகமும் வாஷரும் உரசுவதில் போகிறது; இன்னொரு 40 விழுக்காடு மரை உரசுவதில் போகிறது. தண்டை நீட்டுவதற்கு மிஞ்சுவது பத்தில் ஒரு பங்கே. உராய்வு கொஞ்சம் மாறினாலும் அந்தச் சிறு மிச்சம் பெருமளவு மாறும்.

12 மி.மீ. ஸ்டட் ஒன்றை 120 நியூட்டன்-மீட்டருக்கு இறுக்குவதாகக் கொள்வோம். பொறியியலில் வழக்கமான தோராயக் கணக்குப்படி, உலர்ந்த மரையில் அது சுமார் 5.1 டன் பிடி தரும். எஞ்சின் ஆயில் தடவியிருந்தால் 6.8 டன். வழுக்கும் மாலிப்டினம் பசை தடவியிருந்தால் 8.5 டன். மூன்று முறையும் ரென்ச் ஒரே எண்ணில்தான் ‘கிளிக்’ என்றது. பிடியோ ஒன்றரை மடங்குக்கும் மேல் வேறுபட்டது. எண்ணெய்க்குச் சொன்ன முறுக்கைப் பசையோடு கொடுத்தால் தண்டு எல்லை தாண்டும். பசைக்குச் சொன்னதை உலர்ந்த மரையில் கொடுத்தால் ஹெட் தளர்வாக நிற்கும். முறுக்கு அளவையும் அது எந்தப் பசைக்கு உரியது என்பதையும் பிரிக்காமல் ஒன்றாகவே வாசிக்க வேண்டும்.

பழைய ஸ்டட்டில் இது இரட்டிப்பு முக்கியம். முன்பு தடவிய பசை மரையில் காய்ந்து ஒட்டியிருக்கும். வாஷரும் நட்டும் ஓடி ஓடி மெருகேறியிருக்கும். பழைய பசை முழுவதையும் கழுவி எடுத்து, உலரவிட்டு, தயாரிப்பாளர் சொன்ன பசையைப் புதிதாகத் தடவ வேண்டும். மரை முழுவதும், நட்டின் அடிமுகம், வாஷரின் மேல்முகம் ஆகியவற்றில் பசை பட வேண்டும். வாஷருக்கும் ஹெட்டுக்கும் நடுவே தடவக் கூடாது. அங்கே வழுக்கினால் நட்டோடு சேர்ந்து வாஷரும் சுழன்று கணக்கைக் கெடுக்கும்.

பிளாக்கின் துளைகளைத் தயார்செய்வதில்தான் பொறுமை அதிகம் வேண்டும். பழைய மரையைச் சுத்தம் செய்ய வெட்டும் டேப் கூடாது, உலோகத்தைச் சீவாமல் அழுக்கை மட்டும் எடுக்கும் மரைச் சீர்க்கருவி வேண்டும். அடிமூடிய துளையில் தேங்கிய எண்ணெயோ கூலன்ட்டோ ஸ்டட் இறங்கும்போது போக வழியின்றி நெருக்குண்டு பிளாக்கையே பிளக்கக்கூடும். அழுத்தக் காற்றால் ஊதி, துணியால் ஒற்றி, மீண்டும் ஊத வேண்டும். சில எஞ்சின்களில் துளை கூலன்ட் அறைக்குள் திறக்கும்; அங்கே கீழ்மரைக்குக் கசிவடைக்கும் பசை தேவை. பிளாக், ஹெட் முகங்களை நேர்விளிம்பும் ஃபீலர் கேஜும் வைத்துச் சோதிக்க வேண்டும். முகம் வளைந்திருந்தால் எந்த ஸ்டட்டாலும் அதை நேராக்க முடியாது. 6.0-இல் இன்னொரு கவனமும் வேண்டும்: ஹெட்டை இடத்தில் நிறுத்தும் டவல் முளைகள் முந்தைய எஞ்சின்களில் 18 மி.மீ., பிந்தையவற்றில் 20 மி.மீ. கேஸ்கட் அதற்கேற்றதாக இருக்க வேண்டும்.

ஸ்டட்டைப் பிளாக்கில் கையால்தான் திருக வேண்டும். முனையில் ஆலன் சாவிக்குக் குழி இருப்பது இறுக்குவதற்கு அல்ல, நிற்கும் இடம்வரை மெல்லச் சுழற்றி வைப்பதற்கு. அடியில் இறுக்கினால் துளையின் அடியிலோ மரையின் முடிவிலோ தேவையற்ற பளு விழும். கேஸ்கட்டையும் ஹெட்டையும் இறக்கி, எல்லா நட்டுகளையும் விரலால் உட்காரவைத்த பிறகே ரென்ச்சைக் கையில் எடுக்க வேண்டும்.

ரென்ச் நம்பகமானதாக இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 6789 தரப்படி, இப்பணிக்கு வேண்டிய கிளிக் வகை ரென்ச்சின் பிழை 4 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். சோதனையும் அதன் உச்ச அளவில் 20 விழுக்காட்டிலிருந்துதான் தொடங்குகிறது. அளவுக் கோட்டின் அடிப்பகுதியை நம்பக் கூடாது. 6.0-இன் ஸ்டட்களுக்கு வேண்டிய 210 அடி-பவுண்டுக்கு 250 வரை போகும் ரென்ச் ஏற்றது. அலகுக் குழப்பம் இன்னொரு பொறி: 210 அடி-பவுண்டு என்பது 285 நியூட்டன்-மீட்டர், அல்லது 29 கிலோகிராம்-மீட்டர். அடி-பவுண்டு என்று நினைத்து 210 நியூட்டன்-மீட்டருக்கு வைத்தால் பிடி கால் பங்குக்கு மேல் குறைந்துபோகும். பாக்ஸ் ஸ்பானர் நுழையாத இடத்தில் ரென்ச்சின் நுனியில் நீட்சிக் கருவி மாட்டினால் எண் மாறும். கைப்பிடியிலிருந்து தலைவரை 50 செ.மீ. உள்ள ரென்ச்சில் நேர்க்கோட்டில் 5 செ.மீ. நீட்சி சேர்த்தால், 210 கிடைக்க 191-க்கு வைக்க வேண்டும். நீட்சியைச் செங்கோணமாக மாட்டினால் திருத்தம் வேண்டாம்.

6.0-க்கான ஏ.ஆர்.பி. 2000 ஸ்டட்களை, அந்நிறுவனத்தின் அல்ட்ரா-டார்க் பசையோடு, 70, 140, 210 அடி-பவுண்டு என்று மூன்று படியாக இறுக்குவது வழக்கம். எஃகு மாறினாலும் பசை மாறினாலும் இந்த எண் மாறும். தொகுப்போடு வந்த தாளே இறுதியானது. பழைய தொகுப்பை வாங்கும்போது தாள் இல்லையென்றால் பாக எண்ணை வைத்துத் தயாரிப்பாளரிடமிருந்து பெற்றுக்கொண்டபிறகே தொட வேண்டும். ஆலை போல்ட்டுக்குச் சொன்ன கோணக் கணக்கை ஸ்டட்டுக்குக் கடன் வாங்கக் கூடாது. 1.75 மி.மீ. இடைவெளி மரையில் 90 பாகை திருப்பினால் நகர்வது 0.44 மி.மீ.; 1.25 மி.மீ. மரையில் 0.31 மி.மீ. மட்டுமே. ஒரே கோணம் இரண்டிலும் ஒரே இழுப்பைத் தராது.

வரிசை நடுவில் தொடங்கி இரு பக்கமும் வெளிநோக்கிப் போகும். சப்பாத்தி தேய்க்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுவதைப் போல, கேஸ்கட்டும் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சமமாகப் படிய வேண்டும். ஓரத்தை முதலில் பிடித்தால் நடுவில் உப்பல் சிக்கிக்கொள்ளும். முதல் படியில் எல்லா நட்டுகளும் முடிந்த பிறகே இரண்டாம் படி. ஒவ்வொரு படியிலும் ரென்ச்சை வெட்டி இழுக்காமல், ஒரே ஓட்டமாக, நட் சுழன்றுகொண்டிருக்கும்போதே கிளிக் வரும்படி இழுக்க வேண்டும். நின்ற நட்டை நகர்த்தக் கூடுதல் முறுக்கு தேவைப்படும் என்பதால், இலக்குக்கு மிக அருகில் நிறுத்திவிட்டு மீண்டும் இழுத்தால் நட் அசையாமலேயே கிளிக் வந்துவிடும். உறுதிக்காக இரண்டாம் முறை கிளிக் செய்து பார்க்கும் பழக்கத்தையும் விட வேண்டும்; சில நட்டுகள் கூடுதலாக ஏறி, பிடி சீரற்றுப்போகும்.

சாதாரண எண்ணெயோ மாலிப்டினம் பசையோ பயன்படுத்தினால் முதல் இறுக்கத்தில் கிடைக்கும் பிடி குறைவாகவும், தளர்த்தி மீண்டும் இறுக்கும் ஒவ்வொரு முறையும் சற்று அதிகமாகவும் வந்து, சில சுற்றுகளில் நிலைப்படும். மரையின் நுண்ணிய மேடுகள் தேய்ந்து மழமழப்பாவதே காரணம். அதற்காகவே சில தாள்களில் இறுக்கித் தளர்த்தும் சுற்றுகள் சொல்லப்பட்டிருக்கும். அல்ட்ரா-டார்க் பசையை முதல் இழுப்பிலேயே நிலையான பிடி தரும்படி உருவாக்கியதாக ஏ.ஆர்.பி. கூறுகிறது. பழையதும் புதியதுமாகக் கலந்த தொகுப்பில் இந்த வேறுபாடு ஒரே ஹெட்டுக்குள் வந்துவிடும்; கலக்கக் கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

இறுக்கும்போது கையில் தெரியும் உணர்வையும் கவனிக்க வேண்டும். முறுக்கு படிப்படியாக ஏற வேண்டும். நட் திரும்பிக்கொண்டே போகிறது, முறுக்கு ஏறவில்லை என்றால், தண்டு எல்லை தாண்டுகிறது அல்லது பிளாக்கின் மரை பெயர்கிறது. உடனே நிறுத்தி, அந்த ஸ்டட்டை வெளியே எடுத்து அளக்க வேண்டும். கிரீச்சென்ற ஒலியோ விட்டுவிட்டு நகர்வதோ தெரிந்தால் பசை போதவில்லை, அல்லது மரை கடித்துப் பிடிக்கிறது. தளர்த்திக் கழுவி மீண்டும் பசையிட வேண்டும்.

மறு இறுக்கம் தேவையா என்பது கேஸ்கட்டைப் பொறுத்தது. பல அடுக்கு எஃகு கேஸ்கட் பெரிதாக அமுங்குவதில்லை என்பதால் பெரும்பாலும் தேவைப்படாது. நார்க்கலவை கேஸ்கட் முதல் சூட்டில் அமுங்கும். 12 மி.மீ. ஸ்டட் 6.8 டன் பிடிக்காக நீண்டிருப்பது 100 மி.மீ. நீளத்துக்கு 0.3 முதல் 0.4 மி.மீ. மட்டுமே என்பதால், கேஸ்கட் 0.05 மி.மீ. அமுங்கினாலே பிடியில் ஆறில் ஒரு பங்கு வரை குறைந்துவிடும். அலுமினிய ஹெட் கொண்ட டியூராமேக்ஸ் போன்ற எஞ்சின்களில், சூட்டில் ஹெட் ஸ்டட்டைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிந்து தண்டைக் கூடுதலாக இழுக்கும், ஆறியதும் விடும். 6.0-இன் வார்ப்பிரும்பு ஹெட்டில் இந்த ஆட்டம் குறைவு. மறு இறுக்கம் செய்ய வேண்டியிருந்தால் எஞ்சின் முழுவதும் ஆறியபின், அதே வரிசையில், ஒரு நேரத்தில் ஒரே நட்டை மட்டும் தளர்த்தி, உடனே முழு அளவுக்கு ஒரே இழுப்பாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும்.

எஞ்சினை முதலில் பளுவின்றி ஓடவிட்டு, கூலன்ட் சுற்று முழுவதும் நிறைந்து காற்று வெளியேறும்வரை பார்த்திருக்க வேண்டும். பிறகு சில நாள்கள் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் மட்டத்தைக் குறித்து வர வேண்டும். மட்டம் இறங்காமல், தொட்டி மூடியில் வெள்ளைப் படிவு இல்லாமல், ஆயிலில் பால் நிறம் தெரியாமல் இருந்தால் கேஸ்கட் உட்கார்ந்துவிட்டது. ஒவ்வொரு ஸ்டட்டின் அளந்த நீளம், தடவிய பசை, கொடுத்த முறுக்கு, தேதி ஆகியவற்றை வண்டியின் ஏடுகளோடு எழுதிவைத்தால், அந்த இருபது ஸ்டட்கள் இன்னொருவர் கைக்குப் போகும் நாளில் அவர் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் தயாராக இருக்கும்.